ஸ்டாக்ஹோம் தீவுகளை ஒரே நாளில் பார்க்கலாமா?

கேள்வி: ஜூலையில் ஸ்டாக்ஹோம் போகிறோம், அம்மாவும் வருகிறார். தீவுகளைப் படகில் சுற்ற ஒரு நாள் போதுமா? நீராவிக் கப்பல் இன்னும் ஓடுகிறதா?

பதில் 1: தீவும் பாறைத்திட்டுமாகச் சுமார் 30,000 இருக்கின்றன, அதனால் எல்லாம் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு வாக்ஸ்ஹோல்ம் மட்டும் நிதானமாகப் போய்வாருங்கள். ஸ்ட்ரோம்காயன் துறையில் ஏறினால் ஒரு மணி நேரம்தான், அம்மாவுக்கும் அலுப்பு தெரியாது.

பதில் 2: கோடையில் நீராவிக் கப்பல் உண்டு. 1910-இல் கட்டிய பிளீடோசுண்ட் இன்றும் நிலக்கரியில்தான் ஓடுகிறது! எனக்கு மிகவும் பிடித்த கப்பல், விடாதீர்கள்.

பதில் 3: அப்புறம், சின்னத் தீவு எதிலாவது இறங்கினால் திரும்பும்போது துறையில் இருக்கும் வட்டத் தகட்டைப் படகுக்குத் தெரியும்படி நீங்களே திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் நிற்காமல் போய்விடும்.