வீட்டுக்குப் போய்ப் பயிற்சி: காலை 6 மணியை எத்தனை பேருக்குக் கொடுப்பது?

சென்னையில் வீடு வீடாகப் போய் உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். 9 பேர், ஆளுக்கு வாரம் 2 நாள். எல்லாருக்கும் காலை 6 மணிதான் வேண்டும். அண்ணா நகரில் முடித்து வேளச்சேரி போய்ச் சேர்வதற்குள் அடுத்தவர் அலுவலகம் கிளம்பிவிடுகிறார். போன வாரம் 3 பேர் இரவு 11 மணிக்கு, "நாளைக்கு வேண்டாம்" என்று வாட்ஸ்அப் அனுப்பினார்கள். எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்: அண்ணா, முதலில் ஏரியா வாரியாக நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். கோவையில் எனக்குத் திங்கள், வியாழன் ஆர்.எஸ்.புரம், செவ்வாய், வெள்ளி பீளமேடு. எடைப் பயிற்சிக்கும் இது நல்லது, ஒரே தசைக்கு 48 மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும். புதன்கிழமையை யாருக்கும் கொடுக்காதீர்கள். விட்டுப்போன வகுப்புகளை அன்றுதான் ஈடுகட்டுகிறேன்.

பதில்: நான் 8 வகுப்புக்கு முன்பணம் வாங்கிவிடுவேன். 12 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் ஒரு வகுப்பு கழியும். காய்ச்சல், மாதவிடாய் வலி என்றால் கழிக்கவே மாட்டேன். உடம்பு முடியாதவரிடம் கணக்குப் பார்க்க மனசு வராது.

கேட்டவர்: நன்றி. வேளச்சேரியில் பயிற்சி எடுக்கும் இன்னொரு அம்மாவிடம் இன்றே பேசினேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு 9.30 மணி அவருக்கும் வசதியாம். இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை. அப்புறம், முன்பணத்தைப் பழைய ஆட்களிடம் எப்படி ஆரம்பிப்பது?