பழைய பூசை உடுப்பு பத்தி தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம். கொடைக்கானல்ல எங்க கத்தோலிக்க கோயில் சக்ரீஸ்துல, அதாவது சாமியார் பூசைக்கு உடுப்பு மாத்துற அறைல, பீரோ அடித்தட்டுல ஒரு பழைய கருப்பு பட்டு பூசை உடுப்பு கிடைச்சிருக்கு, இறந்தவங்க பூசைக்கு போடுறது, முதுகுல வெள்ளி சரிகையில பெரிய சிலுவை, முன்பக்கம் வயலின் மாதிரி நடுவுல குறுகி இருக்கு, அதே துணியில சாமியார் இடது கைல மாட்டுற மணிப்பிள்ங்கிற துணிப்பட்டையும் கூடவே இருக்கு. 1967ல ரோம் மணிப்பிள் கட்டாயமில்லன்னு சொன்னதுக்கப்புறம் யாரும் பெருசா போடுறதில்ல, அதான் ரெண்டும் ஜோடியா கிடைச்சது எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஆனா இங்க பனி ஈரத்துல மடிப்பெல்லாம் பூஞ்சை, உள்துணி நூல் விட்டு வருது, ட்ரை க்ளீனிங் குடுக்க மனசே வரல. பழைய பட்டு, சரிகை பாக்கத் தெரிஞ்சவங்க மதுரை திண்டுக்கல் பக்கம் இருந்தா சொல்லுங்க. அப்புறம் உங்க ஊர் கோயில்பிள்ளை, உபதேசியார் வீட்டு பெரியவங்க இந்த உடுப்புக்கெல்லாம் என்ன பேர் சொல்லுவாங்கன்னும் கேட்டு எழுதுங்க ப்ளீஸ், உடுப்போட வைக்கிற சீட்டுல அந்தப் பேர்தான் எழுதி வைக்கணும்.