2027 கூடைப்பந்து உலகக் கிண்ண இறுதிக்கு டோஹா போகலாமா?

உவர்மலைப் பெடியன்:
ஜேர்மனி அணி என்றால் எனக்கு உயிர். 2023 இறுதி ஆட்டத்தை விறாந்தையில் இருந்து ஃபோனில் பார்த்தேன், கடைசி நிமிடத்தில் டேட்டா முடிந்துவிட்டது. அடுத்த இறுதி 2027 செப்டம்பர் 12, கட்டாரில். அத்தான் அங்கேதான் வேலை, தங்க இடமுண்டு. ஆனால் ஜேர்மனி இறுதிக்கு வராவிட்டால்?

நிலாவெளியான்:
தம்பி, அந்த ஆட்டத்தை மணிலாவில் நேரில் பார்த்தவன் நான். அமெரிக்கா வரும் என்று நம்பித்தான் டிக்கெட் வாங்கினேன். அரையிறுதியில் ஜேர்மனி 113–111 என்று கவிழ்த்துவிட்டது. இறுதியில் ஜேர்மனியோடு மோதியது சேர்பியா; அமெரிக்கச் சட்டையோடு சேர்பியாக்காரர் நடுவே இருந்தேன், வெட்கக்கேடு. அவர்கள் குதித்ததில் என் கதிரையே ஆடியது. கடைசி நிமிடத்தில் ஜேர்மனி வீரர் ஷ்ரோடர் தனியே புகுந்து பந்தைக் கூடையில் போட்டதும் அந்தப் பக்கம் முழுக்க வாயடைத்துப் போனது. 83–77 என்று ஜேர்மனி வென்றது. ஷ்ரோடருக்கு மட்டும் 28 புள்ளி. யார் வந்தாலும் போ. உள்ளே ஏசி குளிர், சுவெட்டர் கொண்டு போ.

கோணமலையாள்:
முதலில் அத்தானுக்கு அன்று லீவு கிடைக்குமா என்று கேளுங்கள்.

உவர்மலைப் பெடியன்:
சரி அக்கா, இன்றிரவே கேட்கிறேன். அண்ணா, அந்தச் சட்டை?

நிலாவெளியான்:
மகன் போட்டுக்கொண்டு மக்கெய்சர் மைதானத்துக்கு ஓடப் போகிறான்.