குடும்பக் குழுவில் ஒரு ஞாயிறு: வானில் கந்தகம் தூவலாமா?

சுந்தரம் (காலை 7:40):
அனைவருக்கும் வணக்கம். வானத்தின் மேலடுக்கில் கந்தகத் துகள்களைத் தூவி, சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கை விண்வெளிக்கே திருப்பி அனுப்பினால் பூமியின் வெப்பம் குறையும் என்று விளக்கும் காணொளி ஒன்றை நேற்று இரவு பார்த்தேன். அனல் மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு இது சரியான வழியாகவே படுகிறது. கோடிக்கணக்கான மக்களின் பழக்கத்தை மாற்றுவதைவிட ஒரு கருவியை உருவாக்கி இயக்குவது எளிது. ஏசியை அணையுங்கள், வண்டியை எடுக்காதீர்கள் என்று எத்தனை காலம்தான் மக்களிடம் சொல்லிக்கொண்டிருப்பது? கயல், இது நீ படிக்கும் துறை. உன் கருத்தைச் சொல்.

கயல்விழி (காலை 8:15):
வணக்கம் மாமா. அதன் அடிப்படை அறிவியல் உண்மைதான். 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது சுமார் 1.5 கோடி முதல் 2 கோடி டன் வரையிலான கந்தக டை ஆக்சைடு, நீங்கள் சொன்ன மேலடுக்கான அடுக்கு மண்டலத்தை எட்டி, அங்கே கந்தக அமிலத்தின் நுண்துளிகளாக மாறி உலகம் முழுவதும் பரவியது. அதனால் அடுத்த ஆண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் குறைந்தது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் பால் குருட்சன், இதைச் செயற்கையாகச் செய்ய முடியுமா என்று ஆராய வேண்டும் என 2006இல் எழுதினார். ஆனால் வாயு வெளியேற்றத்தைக் குறைத்து, இந்தச் சோதனைக்கே தேவை இல்லாமல் செய்வதுதான் மிகச் சிறந்தது என்றும் அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். காணொளிகளில் அந்தப் பகுதி பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

மீனாட்சி (காலை 8:32):
கயல், வெயில் குறைவது இருக்கட்டும், மழை என்ன ஆகும்? மன்னார்குடிப் பக்கம் எங்களுக்குக் கர்நாடகத்திலும் கேரளத்திலும் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்து மேட்டூர் நிரம்பினால்தான் குறுவை. ஜூன் 12 அன்று அணை திறக்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்களிடம் யாராவது கேட்டுவிட்டுத்தான் தூவப் போகிறார்களா?

கயல்விழி (காலை 8:58):
பெரியம்மா, நீங்கள் கேட்டதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கோடையில் நிலம் கடலைவிட அதிகமாகச் சூடாவதால்தான் ஈரக்காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி இழுக்கப்படுகிறது. சூரிய ஒளியைக் குறைத்தால் அந்த வேறுபாடும் கடல்நீர் ஆவியாகும் அளவும் குறையும். பினாட்டுபோவுக்கு அடுத்த ஆண்டில் உலகின் நிலப்பகுதிகளில் பெய்த மழை குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததை அளவீடுகள் காட்டுகின்றன. துகள்களை வடக்கு அரைக்கோளத்தில் மட்டும் தூவினால் வெப்பமண்டல மழைப் பட்டையே தெற்கே நகர்ந்துவிடும். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதிக்கு அது கொடிய வறட்சியைக் கொண்டுவரும். ஆகவே ஒரு நாடு தன் வெயிலைத் தணிக்க எடுக்கும் முடிவு இன்னொரு நாட்டின் விளைச்சலைப் பறிக்கலாம்.

யாரைக் கேட்பார்கள் என்பதற்கும் நடந்த கதை உண்டு. ஹார்வர்டு ஆய்வாளர்கள் சுவீடனின் கிருனா நகரில் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு, துகள் எதையும் தூவாமல் கருவிகளை மட்டும் சோதிக்கத் திட்டமிட்டார்கள். தங்களைக் கலந்து பேசவில்லை என்று அங்குள்ள பழங்குடியினரான சாமி மக்களின் பேரவை எதிர்த்ததால் 2021இல் அது நிறுத்தப்பட்டது. 2024இல் திட்டமே கைவிடப்பட்டது. இதற்கு நேர்மாறாக, அமெரிக்கத் தொழில்முனைவோர் சிலர் மெக்சிகோவில் யாரிடமும் அனுமதி பெறாமல் கந்தக பலூன்களை ஏவினார்கள். 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு இத்தகைய சோதனைகளைத் தடை செய்யப் போவதாக அறிவித்தது. முன்னெச்சரிக்கையோடு நடந்தவர்கள் நின்றுவிட, அனுமதி கேட்காதவர்கள் செய்து முடித்துவிட்டார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

சுந்தரம் (காலை 9:20):
ஆபத்து இருப்பது புரிகிறது. ஆனால் ஆபத்து இல்லாத எந்தப் பொறியியலும் கிடையாது, அம்மா. சிறிய அளவில் தொடங்கி, தவறாகப் போனால் நிறுத்திக்கொள்ளலாம் அல்லவா?

கயல்விழி (காலை 9:47):
நிறுத்த முடியாது என்பதுதான் மாமா இதன் பெரிய சிக்கல். துகள்கள் ஓரிரு ஆண்டுகளில் கீழே இறங்கிவிடும், ஆகவே தொடர்ந்து தூவிக்கொண்டே இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடோ நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். நாம் நிழலில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் நிலக்கரியை எரித்துக்கொண்டே போய், போராலோ பொருளாதார நெருக்கடியாலோ தூவுவது நின்றுபோனால், பல பத்தாண்டுகள் மறைத்து வைத்திருந்த வெப்பம் முழுவதும் சில ஆண்டுகளுக்குள் வெளிப்படும். பயிரோ காடோ பவளப்பாறையோ அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. மேலும், கார்பன் டை ஆக்சைடு கரைந்து கடல்நீரின் அமிலத்தன்மை கூடுவதை இந்த நிழல் தடுக்காது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு புண்ணை வளரவிடுவது போன்றதுதான் இது.

சுந்தரம் (காலை 9:55):
அப்படியானால் காற்றிலிருந்து கார்பனையே உறிஞ்சி எடுக்கும் ஆலைகள்? அவை மூல காரணத்தைத்தானே தொடுகின்றன?

கயல்விழி (காலை 10:20):
ஆம் மாமா, அந்த வகையில் அவை மேலானவை. சிக்கல் அளவில்தான் இருக்கிறது. ஐஸ்லாந்தில் 2024இல் தொடங்கப்பட்ட மாமத் ஆலை முழுத் திறனில் இயங்கினால் ஆண்டுக்கு 36,000 டன் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் என்று வடிவமைக்கப்பட்டது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து உலகம் ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியேற்றுகிறது. கணக்குப் போட்டால், அந்த ஆலையின் ஓராண்டு உழைப்பு உலகத்தின் அரை நிமிட வெளியேற்றத்துக்குத்தான் ஈடாகும்.

கடலில் இரும்பைக் கரைத்து, கார்பனை உறிஞ்சி ஆழத்துக்குக் கொண்டுபோகும் பாசியை வளர்க்கும் வழியையும் பார்த்துவிட்டார்கள். 2009இல் இந்திய, ஜெர்மன் விஞ்ஞானிகள் தென்பெருங்கடலில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பைக் கரைத்தார்கள். பாசி வளர்ந்தது, ஆனால் கடலின் சிறு உயிரினங்கள் அதைத் தின்றுவிட்டதால் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்த கார்பன் மிகவும் குறைவு.

செந்தில் (காலை 10:41):
கயல் அக்கா, மாமா, இருவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். ஏசி பழுதுபார்க்கும் தொழிலில் நான் அன்றாடம் பார்ப்பது இது. பல ஸ்பிளிட் ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ என்ற குளிரூட்டும் வாயு ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது சுமார் 2,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒன்றரை டன் ஏசியில் இருப்பது ஏறக்குறைய ஒரு கிலோ. வீடு மாறும்போது அவசரத்தில் குழாயைக் கழற்றி வாயுவை அப்படியே வெளியே விட்டுவிடுகிறார்கள். கம்ப்ரசரை ஓடவிட்டு, திரவ வால்வை மூடி, வாயு முழுவதையும் அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கும் பம்ப் டவுன் வேலைக்குச் சில நிமிடங்களே ஆகும். அதேபோல், கேஸ் குறைந்துவிட்டது என்றால் கசிவைத் தேடாமல் நிரப்பிவிட்டுப் போகிறார்கள். செம்புக் குழாய் சேரும் பிளேர் நட்டில் சோப்பு நுரை தடவினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும்.

கயல்விழி (காலை 11:05):
செந்தில், இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், நீ என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டாய். ஓர் இந்தியர் ஓராண்டில் சராசரியாக வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 டன், ஓர் அமெரிக்கர் வெளியேற்றுவது சுமார் 14 டன். ஒரே ஒரு மின்விசிறியோடு வாழ்பவரிடம் பழக்கத்தை மாற்று என்று சொல்வது அநீதி. அந்த வகையில் மாமாவின் கோபம் நியாயமானது. ஆனால் நம்மைப் போன்ற வீடுகளில் ஓர் ஏசியின் வாயுவைப் பறக்கவிட்டாலே ஒரு மனிதரின் ஓராண்டுக் கணக்கு காற்றில் போய்விடுகிறது. பழக்கத்தை மாற்றுவது என்று நான் கருதுவது, குளிர்ச்சியே வேண்டாம் என்று இருப்பதை அல்ல. அந்தக் குளிர்ச்சியை எப்படிப் பெறுகிறோம் என்பதைத்தான். ஏசியில் ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பு (BEE) சொல்கிறது. 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. உபதேசம் செய்யாமலேயே கோடிக்கணக்கான வீடுகளை மாற்றக்கூடிய விதி அது.

மீனாட்சி (காலை 11:18):
தம்பி, உன் வீட்டு மொட்டை மாடிக்கு வெள்ளை அடிக்கச் சொல்லி நான் பலமுறை சொல்லிவிட்டேன்.

சுந்தரம் (காலை 11:30):
அக்கா, அதுவும் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் பொறியியல்தானே!

கயல்விழி (காலை 11:44):
ஆம் மாமா, அதே இயற்பியல்தான். ஆனால் அதன் விளைவு உங்கள் வீட்டோடு நிற்கும், பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டே மாற்றிக்கொள்ளலாம். 2010ஆம் ஆண்டின் கொடும் வெயிலில் பலரை இழந்த அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பிறகு எளியவர்களின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளை பூசுவதையும் அதில் சேர்த்துக்கொண்டது. வானத்தைப் பற்றிய ஆய்வு நடக்கட்டும், நானும் அதை எதிர்க்கவில்லை. அதைக் காரணம் காட்டி நிலக்கரியைத் தொடர்வதைத்தான் எதிர்க்கிறேன்.

சுந்தரம் (நண்பகல் 12:10):
கந்தகம் தூவுவதை விட்டுவிடுகிறேன், மழையை வைத்து விளையாட முடியாது. ஆனால் பழக்கத்தைவிட விதியும் கருவியும்தான் வேலை செய்யும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செந்தில், மேல் அறை ஏசி சரியாகக் குளிரவில்லை. போன கோடையில்தான் கேஸ் நிரப்பினார்கள்.

செந்தில் (நண்பகல் 12:16):
அப்படியானால் கசிவு இருக்கிறது, மாமா. நான் வரும் வரை யாரையும் கேஸ் நிரப்ப விடாதீர்கள். வெள்ளை அடிப்பதற்கு முன் மாடியைக் கூட்டிக் கழுவி வையுங்கள். தூசியின் மேல் அடித்தால் பூச்சு உரிந்துவிடும்.