பேரை மட்டும் தொடாதே: கட்டற்ற மென்பொருள் உரிமங்களில் நீங்கள் பட்டது என்ன?

எழுத்துருக்காரன்:

ஒரு சிற்றிதழுக்கு எழுத்துருவில் சின்ன வேலை. கட்டுரைகளில் ‘ஸ்ரீ’ சில இடங்களில் ஒழுங்காக வருகிறது, சில இடங்களில் பிரிந்து நிற்கிறது. பழைய வியாதிதான். ஸ வைத்து அடிப்பவர்கள் ஒரு பக்கம், 2005இல் கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யூனிகோடின் 4.1ஆம் பதிப்பில் ஶ வந்த பிறகு அதை வைத்து அடிப்பவர்கள் இன்னொரு பக்கம். அவர்களிடம் இருந்த எழுத்துரு இதில் ஒரு வரிசையை மட்டும்தான் கூட்டெழுத்தாக்கியது. எழுத்துருவைத் திருத்தும் ஃபான்ட்ஃபோர்ஜ் மென்பொருளில் திறந்து மற்றதற்கும் ஒரு விதி எழுதினால் முடிந்தது.

கோப்பை அனுப்பும் முன் உரிமத்தைப் பார்த்தேன். எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ் 1.1, எழுத்துருக்களுக்கான கட்டற்ற உரிமம். முதல் வரியிலேயே பதிப்புரிமையாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘ரிசர்வ்டு ஃபான்ட் நேம்’, அதாவது ஒதுக்கி வைத்த பெயர், என்று போட்டு எழுத்துருவின் பெயர். அந்த வரி இருந்தால் திருத்தலாம், பகிரலாம், ஆனால் எழுத்துபூர்வமாக அனுமதி வாங்காமல் அதே பெயரில் வெளியே விடக்கூடாது. நான் கொடுப்பது ஆசிரியர், வடிவமைப்பவர், அச்சகம் என்று கைமாறிப் போகும். பெயரை மாற்றினேன். குடும்பப் பெயர், முழுப் பெயர், போஸ்ட்ஸ்கிரிப்ட் பெயர் மூன்றையும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் ஒரு மென்பொருளில் புதுப் பெயர் தெரியும், இன்னொன்றில் பழையது எட்டிப் பார்க்கும்.

தலைவலி அதற்கப்புறம்தான். இதழின் பழைய கோப்புகள் அத்தனையும் பழைய பெயரைத்தான் கேட்டன. பழையதை நீக்கியதும், அவர்கள் ஆவணம் தயாரிக்கும் லிப்ரெஆபீஸ் தன் இஷ்டத்துக்கு வேறொரு எழுத்துருவைப் போட்டது, வரிகள் இடம் மாறி, பக்கங்கள் கூடிவிட்டன. அதன் அமைப்புகளில் எழுத்துரு மாற்று அட்டவணை ஒன்று இருக்கிறது. இன்ன பெயர் வந்தால் இன்னதைப் போடு என்று சொல்லலாம். ஒவ்வொரு கணினியாக உட்கார்ந்து அதைச் செய்தோம். ஆசிரியர் கேட்டார்: “ஏன் தம்பி, ஒரு எழுத்தைச் சரி பண்ணதுக்கு இவ்வளவு பாடா?”

என்னைக் கேட்டால் விதி நியாயம்தான். என் திருத்தமும் அதே பெயரில் சுற்றினால் ஒரே கோப்பு இரண்டு கணினியில் இரண்டு மாதிரி தெரியும், திட்டு முழுக்க மூல வடிவமைப்பாளருக்குப் போகும். இணைய எழுத்துருவில்தான் இது ஓவர். பக்கம் சீக்கிரம் திறக்கட்டும் என்று தேவையான எழுத்துகளை மட்டும் வெட்டி எடுத்தாலே அது திருத்திய பதிப்பாகிவிடுகிறது. பெயரை ஒதுக்கி வைக்காமல் கொடுங்கள் என்று கூகுள் ஃபான்ட்ஸ் வடிவமைப்பாளர்களிடம் சொல்வது இதனால்தான்.

லேப் அண்ணன்:

நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 4.0 போட்டோம், 2007இல் வந்த பதிப்பு. முதல் நாளே பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்: “சார், ஃபயர்ஃபாக்ஸ் எங்க?” இருந்தது ஐஸ்வீசல். உள்ளே அதே ஃபயர்ஃபாக்ஸ்தான். நரிப் படத்துக்கு டெபியன் ஏற்கும் கட்டற்ற உரிமம் இல்லாததால் அவர்கள் படத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தார்கள். பெயர் வேண்டுமென்றால் படமும் வேண்டும், நீங்கள் செய்யும் திருத்தங்களையும் எங்களிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று 2006இல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா தரப்பு சொன்னது. டெபியன் பெயரையே மாற்றிவிட்டது. மொசில்லாவின் மற்ற மென்பொருள்களில் தண்டர்பேர்டு ஐஸ்டவ் ஆனது, சீமங்கி ஐஸ்ஏப் ஆனது.

பெயர்தானே என்று விட்டுவிடலாம் என்றால், தேர்வுக் கட்டணம் கட்டும் தளம் ‘உங்கள் உலாவி ஏற்கப்படாது’ என்று கதவைச் சாத்தியது. உலாவி தன்னை ஐஸ்வீசல் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறது, தளத்தை எழுதியவருக்குத் தெரிந்ததோ இரண்டே பெயர்கள். உலாவியின் உள் அமைப்புகள் இருக்கும் அபௌட் கான்ஃபிக் பக்கத்தில் யூசர் ஏஜென்ட்டை, அதாவது அது தளங்களிடம் சொல்லும் பெயரை, ஃபயர்ஃபாக்ஸ் என்று எழுதிவைத்த பிறகு அதே தளம் அழகாகத் திறந்தது. நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை! 2016இல் இரு தரப்பும் பேசி முடித்து ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது. அதற்குள் எங்கள் பிள்ளைகளுக்கு ஐஸ்வீசல் பழகிவிட்டிருந்தது.

சட்டம் தெரிந்த வேடிக்கையாளன்:

இடையில் ஒன்று. லேப் அண்ணன் சொன்னது வணிகக்குறிச் சண்டை, எழுத்துருக்காரன் சொன்னது உரிமத்துக்குள்ளேயே இருக்கும் நிபந்தனை. இரண்டையும் ஒரே சட்டியில் போட வேண்டாம். மொசில்லா உரிமம் நிரலைத் தருகிறது, வணிகக்குறியைத் தரவில்லை, அவ்வளவுதான். இதில் வேடிக்கை, எது கட்டற்ற மென்பொருள் என்று 1997இல் டெபியன் எழுதிய வழிகாட்டியின் 4ஆவது விதியே ‘மாற்றியதற்கு வேறு பெயர் வை என்று உரிமம் கேட்கலாம்’ என்கிறது. இது ஒரு சமரசம் என்று அடைப்புக்குறிக்குள் முனகியும் இருப்பார்கள்.

பிஎச்பி கூலி:

எங்கள் வாடிக்கையாளரின் வக்கீல் ஒருவர், இணையதளங்கள் எழுதும் நிரல்மொழியான பிஎச்பியின் உரிமம் 3.01ஐப் படித்துவிட்டு, உங்கள் கருவியின் பெயரில் ‘பிஎச்பி’ இருக்கிறது, மாற்றுங்கள் என்றார். அந்த நிபந்தனை பிஎச்பியிலிருந்து கிளைத்த மென்பொருளுக்கு மட்டும் என்று விளக்கவே இரண்டு கூட்டம் போனது. பிஎச்பியில் எழுதினது வேறு, பிஎச்பியையே பிரித்து எழுதினது வேறு. பிஎச்பியில் எழுதிய தரவுத்தளக் கருவி பிஎச்பிமைஅட்மின் இத்தனை வருஷமாக அந்தப் பெயரில்தானே ஓடுகிறது? ‘ஃபூ ஃபார் பிஎச்பி’ என்று வைக்கலாம், ‘பிஎச்பி ஃபூ’ என்று வைக்காதே என்று உரிமமே உதாரணம் காட்டுகிறது (ஃபூ இருக்கும் இடத்தில் உங்கள் பெயர்). கடைசியில் அவர் மனநிம்மதிக்காகப் எங்கள் பெயரையும் ‘ஃபார் பிஎச்பி’ என்று முடிகிற மாதிரி முன்பின்னாக மாற்றிப் போட்டோம்.

சர்வர் காவலாளி:

சென்டோஸ் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளம் யாருக்காவது நினைவிருக்கிறதா? லினக்ஸ் நிறுவனமான ரெட்ஹேட் வெளியிட்ட மூல நிரலை எடுத்து, பெயரையும் சின்னத்தையும் உரித்துவிட்டுத் திரும்பக் கட்டியது. தங்கள் தளத்தில் ரெட்ஹேட் என்று எழுதாமல் ‘வட அமெரிக்காவின் பிரபலமான லினக்ஸ் நிறுவனம் ஒன்று’ என்றே எழுதுவார்கள், புருஷன் பேரைச் சொல்லாத அந்தக் காலத்து ஆச்சி மாதிரி.

ஆனால் அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவுக்குள் போனால் ‘ரெட்ஹேட்-ரிலீஸ்’ என்ற கோப்பு அப்படியே இருக்கும். அதை எடுத்தால் பாதி மென்பொருள் தடுமாறும் என்பதால் விட்டுவைத்தார்கள். உள்ளே மட்டும் சென்டோஸ் என்று ஒரு வரி. நாங்கள் ஏற்ற வேண்டியிருந்த ஒரு தரவுத்தளத்தின் நிறுவி அந்த வரியைப் படித்துவிட்டு, ‘இது ஆதரிக்கப்படாத இயங்குதளம்’ என்று பாதியில் நின்றது. அந்தக் கோப்பை விஐ என்ற உரைத் திருத்தியில் திறந்து ரெட்ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் என்று மாற்றினோம், நிறுவி முழுசாக ஓடியது. முடிந்ததும் பழைய வரியைத் திரும்ப எழுதிவிட்டோம், அடுத்து வரும் ஆள் எந்த லினக்ஸ் என்று குழம்பக்கூடாதே.