மறு: துகள்களை ப்ராசஸர்களுக்குப் பிரிச்சுக் கொடுக்குறதுக்கு என்ன சொல்?

> லோட் பேலன்சிங்குக்கு (எல்லா ப்ராசஸருக்கும் வேலையைச் சமமாப் பிரிக்குறதுக்கு) "சுமைச் சமன்"னு ஏற்கெனவே புழங்குதே, அதையே போட்டுட்டா என்ன?

வணக்கம் அண்ணா. வெப் சர்வர் பத்தின கட்டுரைன்னா நானும் அதைத்தான் போடுவேன். ஆனா இங்க பேச்சு பிளாஸ்மா (எலக்ட்ரானும் அயனியும் பிரிஞ்சு ஓடுற வாயு) சிமுலேஷன், ஒவ்வொரு துகளுக்கும் மின்சுமை இருக்கு, அதை கிரிட்ல, அதாவது இடத்தைக் கட்டம் கட்டமாப் பிரிச்ச வலையில இறக்கி, மின்காந்தப் புலத்தைக் கணக்குப் போட்டு, அந்தப் புலத்தை வெச்சு துகளைத் தள்ளுறது, ஸ்டெப்புக்கு ஸ்டெப் இதுதான் வேலையே. அதே பக்கத்துல "சுமையைச் சமமாப் பங்கிடணும்"னு எழுதினா, படிக்குற பையன் எலக்ட்ரானையும் அயனியையும் சரிக்குச் சரியா வைக்கச் சொல்றாங்கன்னு நினைச்சுப்பான். மின்னூட்டம்னு எழுதித் தப்பிக்கலாம்தான், இருந்தாலும் பழைய பாடப்புத்தகத்துல படிச்சவங்களுக்கு மின்சுமைதான் வாயில வரும். அதனால இந்த இடத்துக்கு மட்டும் "வேலைச் சமன்"னு வெச்சுக்கலாம்ங்கறது என் கட்சி.

> பரவல், பகிர்வு, பங்கீடு, மூணுல எது?

பரவல் கூடவே கூடாது, அது வேகப் பரவல், மேக்ஸ்வெல் பரவல்னு இதே துறையில ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்கு. பகிர்வுன்னா இப்பல்லாம் வாட்சப்ல அனுப்புறது. பங்கீடுன்னா ரேஷன் கார்டு ஞாபகம் வருதுன்னு ஒருத்தர் குறைப்பட்டுக்கிட்டாரு, வரட்டுமே, ஆளுக்கு இவ்வளவுன்னு அளந்து கொடுக்குறதுதானே இங்கயும் நடக்குது. "துகள் பங்கீடு"க்கு என் ஓட்டு.

ஆனா அதுக்குள்ளயே ரெண்டு வகை இருக்கு, அதைப் பிரிச்சுச் சொல்லலைன்னா சொல் இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஒண்ணு, துகள் எங்க ஓடினாலும் அதே ப்ராசஸர்கிட்டயே இருக்கும், எண்ணிக்கை எப்பவும் சமம், ஆனா முழு கிரிட்டையும் எல்லாரும் வெச்சுக்கிட்டு ஸ்டெப்புக்கு ஸ்டெப் எல்லார் கணக்கையும் கூட்டணும், ப்ராசஸர் ஆயிரக்கணக்குல போனா இந்தக் கூட்டல்லயே நேரம் போயிடும். இன்னொண்ணு, வெளியை (ஸ்பேஸை) துண்டு போட்டு, எந்தத் துண்டுல துகள் இருக்கோ அந்த ப்ராசஸர் பாத்துக்கும், இதுக்கு "வெளிப்பிரிப்பு". இதுல சிக்கல் என்னன்னா, நிலத்தைச் சரிபாதியா வரப்பு போட்டுட்டு கிணறு ஒருத்தன் பக்கம் போன கதைதான். லேசர் பிளாஸ்மாவுக்குள்ள போகும்போது பின்னாடி எலக்ட்ரான் எல்லாம் ஒரே இடத்துல குவியும். ஒரு ப்ராசஸர்ல மட்டும் சராசரியைப் போல 4 மடங்கு துகள் சேர்ந்தா, மத்ததெல்லாம் வேலையை முடிச்சுட்டு அதுக்காக சும்மா காத்திருக்கும், சமமா இருந்தா ஆகுற நேரத்தைப் போல கிட்டத்தட்ட 4 மடங்கு ஆகும்.

1989-ல லீவர், டெசிக்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதின அல்காரிதம் இதுக்குத்தான், துகளுக்கு ஒரு பிரிப்பு, புலக் கணக்குக்கு வேற பிரிப்பு. இப்ப ஸ்மைலை (Smilei) மாதிரி பிளாஸ்மா சிமுலேஷன் ப்ரோக்ராம்கள்ல வெளியைச் சின்னச் சின்னத் திட்டுகளா வெட்டி, ஹில்பர்ட் வளைகோட்டு வரிசையில (வரிசையில அடுத்தடுத்து வர்ற திட்டுகள் இடத்துலயும் பக்கத்துப் பக்கத்துல இருக்குற மாதிரி) கோர்த்து, கூட்டம் அதிகமான இடத்துல ப்ராசஸருக்குக் கம்மியா திட்டு கொடுக்குறாங்க. பேட்சுக்கு "திட்டு" அருமையா பொருந்துது, ஒட்டுன்னு யாரும் போடாதீங்க.

எல்லை தாண்டுற துகளுக்கு "குடிபெயர்வு"ன்னு ஒருத்தர் சொன்னது எனக்குப் பிடிச்சிருக்கு. வழக்கமான மின்காந்த ப்ரோக்ராம்ல டைம் ஸ்டெப்பை அவ்வளவு சின்னதாத்தான் வைக்க முடியும், ஒளியே ஒரு ஸ்டெப்ல ஒரு கட்டத்தைத் தாண்டாது, அதனால துகள் போனா பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். அந்தப் பக்கத்து வீட்டு ஓரத்தோட நகலை இங்க வெச்சிருக்கோமே, அந்த கோஸ்ட் செல்லுக்கு "நிழல் கட்டம்" போதும், பேயெல்லாம் வேண்டாம்.

இலங்கை நண்பர்கள் பார்ட்டிகிளுக்குத் துணிக்கைன்னுதான் படிச்சிருப்பாங்க, "துணிக்கைப் பங்கீடு"ன்னு அடைப்புக்குள்ள சேர்த்துடலாம். ப்ராசஸரை அப்படியே விட்டுடலாம்னு தோணுது, செயலின்னா இப்ப எல்லாருக்கும் மொபைல் ஆப்தான். அடுத்து யாராவது எம்பிஐ (ப்ராசஸர்கள் ஒண்ணுக்கொண்ணு தகவல் அனுப்பிக்குற முறை) ரேங்குக்குச் சொல் தேடினா, அது வெறும் அடையாள எண், தயவுசெஞ்சு தரவரிசைன்னு மட்டும் போட்டுடாதீங்க.