போர்த்துகீஸ்ல கடுப்பை எப்படிங்க காட்டுறது?

லிஸ்பன்வாசி:
லிஸ்பன் வந்து பாஷை கிளாசுக்கும் போய்ட்டு இருக்கேன், விலை கேக்குறது வழி கேக்குறது எல்லாம் ஓகே, ஆனா கோவம் வந்தா மட்டும் வாய் கட்டிப்போகுது. வீட்டு ஓனர் ஹீட்டர் ரிப்பேருக்கு ஆள் அனுப்புறேன் அனுப்புறேன்னு இழுத்தடிக்கிறார். கிளாஸ்ல சொல்லிக்குடுத்தது 'இஷ்தோ த்ரிஷ்த்', அதாவது சோகமா இருக்கேன், அவ்ளோதான். ஹீட்டருக்கு போய் எழவு வீடு மாதிரி சோகம்னு சொல்ல முடியுமா? பிரேசில் சீரியல்ல எல்லாரும் 'கி சாக்கு'ங்கறாங்க, அதை இங்க சொல்லலாமா?

போர்ட்டோ_பார்ட்டி:
கி சாக்கு வேணாம் நண்பா. சாக்குன்னா பைதான், ஆனா அது ஆம்பளைங்களோட எந்த 'பை'ன்னு நீங்களே யூகிச்சுக்கோங்க. பிரேசில்ல பொண்ணுங்க கூட சாதாரணமா சொல்வாங்க, ஆனா அங்கயும் மேனேஜர் முன்னாடி சொல்லமாட்டாங்க. போர்ச்சுகல்ல பஸ் லேட்டு, மழை, பிரிண்டர் மக்கர் இதுக்கெல்லாம் 'கெ ஷத்தீஸ்', என்ன தொல்லைடான்னு, அது போதும், யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. 'போலஷ்' இன்னும் சாது. 'ஃபோகு'ன்னும் நிறைய கேப்பீங்க, நேரா பார்த்தா நெருப்புன்னு அர்த்தம் ஆனா ஒரு பச்சை கெட்டவார்த்தைய முழுங்கிட்டு சொல்றது அது, நம்ம வயசு பசங்களோட ஓகே.

வீட்டு ஓனருக்கு வேற. 'இஷ்தோ ஃபார்து தெ இஷ்பெரார்', காத்திருந்து அலுத்துப்போச்சுன்னு (பொண்ணா இருந்தா ஃபார்தா). அதைவிட 'ஃபிக்கெய் முய்ந்து தெஸிலுதீது', ரொம்ப ஏமாற்றமா போச்சுங்கன்னு சத்தம் போடாம சொல்லிப் பாருங்க. என் அனுபவத்துல இந்த ஊர்க்காரங்களுக்கு கத்துறதை விட இதுதான் உறைக்குது.

சாம்பா_தமிழன்:
பிரேசில்ல சாவ் பாவ்லோல இருந்து சொல்றேன், இங்க தெஸிலுதீது சொன்னா காதல் தோல்வி மாதிரி கொஞ்சம் கனமா கேக்கும், சாதாரண ஏமாற்றத்துக்கு 'தெசெப்சியொனாது'தான். இங்கிலீஷ் டிசெப்ஷன் மாதிரி இருக்கேன்னு மோசடின்னு நினைச்சுடாதீங்க, வெறும் ஏமாற்றம்தான். அப்புறம் இங்க ஒருத்தர் 'ப்ராவு'ன்னா வீரர் இல்ல, கோவமா இருக்கார்னு அர்த்தம், போர்ச்சுகல்ல அதுக்கு 'ஸங்காது'. சின்ன கடுப்புக்கு 'போஷா'.

ஆனா இந்த ஊரோட ஸ்பெஷல் ஃபுட்பால்தான். 2014 ஜூலை 8, பெலோ ஒரிசோஞ்சி மைதானத்துல உலகக்கோப்பை அரையிறுதி, ஜெர்மனிகிட்ட பிரேசில்காரங்க 7-1 வாங்குனாங்க, 29 நிமிஷத்துக்குள்ளயே அஞ்சு கோல். அந்த காயத்தையே பழமொழி ஆக்கிட்டானுங்க. கரண்ட் போச்சு, சம்பளம் லேட்டுன்னா 'தோது ஜியா உம் செச்சி அ உம் ஜிஃபெரெஞ்சி', தினம் ஒரு புது ஏழுக்கு ஒண்ணுன்னு சிரிச்சிட்டே சொல்வாங்க. வேற ஏதாவது சொதப்புனா 'கோல் த அலெமாஞா', ஜெர்மனி கோல்!

கடலோரம்:
'ஃபிகார் அ வேர் நவியுஷ்' விட்டுட்டீங்களே. கப்பலை பார்த்துட்டு நிக்கிறது, அதாவது எதிர்பார்த்தது கிடைக்காம கைய பிசைஞ்சுட்டு நிக்கிறது. 1578ல மொராக்கோ போருக்கு போன போர்ச்சுகல் ராஜா செபாஸ்தியாவ் திரும்பவே இல்ல, அவரு வருவார்னு கடலைப் பார்த்து நின்ன கதையோட இதை சேர்த்து சொல்றவங்க உண்டு. ஹீட்டர் கேஸுக்கு கரெக்டா பொருந்துது பாருங்க.

அப்புறம் யாராவது உங்ககிட்ட புலம்புனா 'கெ பெனா' சொல்லுங்க, அடடா பாவம்னு. அதே பெனாக்கு இறகுன்னும் அர்த்தம் இருக்கு, நம்ம பேனா அந்த இறகுல இருந்து வந்ததுதான்.

லிஸ்பன்வாசி:
சூப்பர், எல்லாருக்கும் நன்றி. போன்ல பேசுனா அவர் ஸ்பீடுக்கு என்னால முடியாது, வாட்ஸப்ல அடிச்சா மரியாதை குறைவா இருக்குமா?

போர்ட்டோ_பார்ட்டி:
தாராளமா அடிங்க, எழுத்துல இருந்தா நாளைக்கு உங்களுக்கும் ஆதாரம். முதல்ல 'போம் தியா' (காலை வணக்கம்) போடாம ஆரம்பிக்காதீங்க, அப்புறம் அந்த தெஸிலுதீது வரி, கடைசில எந்த தேதில ஆள் வருவார்னு கேட்டுட்டு 'ஃபிகு அ அகுவர்தார்' போட்டு முடிங்க, பதிலுக்கு காத்திருக்கேன்னு. ஆச்சரியக்குறி ஒண்ணும் வேணாம்.